எந்தப் பாகம் நல்லாருக்கு?

பெண் பார்க்க வந்த சவரியிடம் ஞானமேரியே நேராகக் கேட்டாள். “கத்திவீரன் கேம் ஆடியிருக்கீங்களா?”

தருமபுரி டவுனில் அப்போது இருந்த ஒரே வீடியோ கேம் கடை அவள் அப்பாவுடையது. வருகிற மாப்பிள்ளைதான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சவரியோ கல் குவாரியில் வேலை செய்கிறவன்.

“பெங்களூர் போனப்ப ஆடியிருக்கேனுங்க.”

“எந்தப் பாகம் நல்லாருக்கு?”

“முதல் பாகந்தானுங்க. ஒரு அடி வாங்குனாலே ஆளு செத்துருவான். ரெண்டாவதுல மூணு அடி தாங்கறான். குவாரில கல்லு உருண்டா நம்மள மூணு தடவையா உடும்?”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “மூணாவது பாகம்?”

“அத நான் பாத்ததில்லீங்க.”

சவரியின் அம்மா முகம் வாடியது.

அவர்கள் போனதும் லூர்தம்மாள் மகளிடம் பொரிந்தாள். “போன வாரம் வந்த சேலத்துப் பையன் மூணாவது பாகத்தப் பத்தி எப்படிப் புட்டுப்புட்டு வெச்சான்! அவன வேண்டாம்னுட்ட. இவனுக்கு அதுகூடத் தெரியல.”

“மூணாவது பாகம் இன்னும் வரவே இல்லம்மா. இவருக்குச் சரின்னு சொல்லியனுப்புங்க.”