குளிர்ந்த ஊட்டநீர்

விபத்துக்குப் பிறகு தங்கையின் கால்களில் உணர்ச்சியே இல்லை, பாவம். அவள் தோலிலிருந்து உண்டாக்கிய மூலச்செல்களை ஆய்வகத்தில் அக்காதான் நரம்புச் செல்களாக வளர்த்துவந்தாள். நரம்பாகிவிட்ட செல்லின் மேற்பரப்பில் ஓர் அடையாளப் புரதம் தோன்றும். அக்கா இடும் சாயம் அதில் ஒட்டிப் பச்சையாக ஒளிரும்.

அன்றுதான் முதன்முதலாக ஒளிர்ந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. செல்களுக்கு உணவாகும் ஊட்டநீரைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, வெதுவெதுப்பாக்காமலே அவை வளரும் கிண்ணத்தில் ஊற்றிவிட்டாள்.

உடனே வீட்டிலிருந்து தங்கை போன் செய்தாள்.

"அக்கா, கால்ல யாரோ ஐஸ் தண்ணி ஊத்துன மாதிரி இருக்கு!"

"உன் கால்லயா? விளையாடாதடி."

"இதுல போய் விளையாடுவேனா? இன்னும் சில்லுங்குது."

அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஊட்டநீரின் அடுத்த குப்பியை உள்ளங்கைகளுக்குள் பொத்திச் சூடாக்கினாள். கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள்.

"ஆங்... இப்ப இதமா இருக்குக்கா."