பெயரின் மேல் ஒரு கை

இந்த வருஷமும் அந்தக் கண்ணாடிக்காரி வந்திருந்தாள்.

நாற்பத்தொரு பெயர் செதுக்கிய கறுப்புச் சுவர். பாண்டு வாத்தியம் ஓய்ந்து, அதிகாரிகள் மலர்வளையம் வைத்துவிட்டு நகர்ந்ததும், அவள் நேராகப் போய் ஒரே ஒரு பெயரின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

அது, குடும்பத்தார் வரிசையில் மாமியாரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த இவளுடைய கணவன் பெயர்.

அவன் இருந்த நீர்மூழ்கிக் கப்பல் விபத்தில் போய் ஏழு வருஷம். முதல் வருஷம் தற்செயல் என்று விட்டாள். அடுத்த வருஷம், யாரோ பெயர் மாறி நிற்கிறாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்கடுத்த வருஷத்திலிருந்து அந்த ஒரு வாரம் முழுக்கச் சோறு இறங்குவதில்லை.

இவளுக்கு வங்கியில் கையெழுத்து சரிபார்க்கும் வேலை. சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவள். அறிந்தவர் தெரிந்தவர் கை ஒரு பெயரை அப்படித் தொடாது. விரல்களை விரித்து, கண்ணை மூடி, எதற்கோ காது கொடுப்பதுபோல்.

கண்ணாடிக்காரி குடும்பத்தாருக்குப் போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. குடும்பத்தாருக்குக் குத்திவிடும் நீல ரிப்பனும் சட்டையில் இல்லை. உறவில்லை என்றால் வேறென்ன?

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவன் வீட்டில் இருந்த நாட்கள் கொஞ்சம்தான். மீதி நாளெல்லாம் தண்ணீருக்கு அடியில் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள். எல்லா நாளுமா என்று போட்டோவைக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதும் உண்டு.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. மாமியாரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"யாருங்க நீங்க? இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கண்ணாடிக்காரி வெடுக்கென்று கையை எடுத்தாள். இவளுடைய ரிப்பனைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரகசியம் கேட்பதுபோல் கேட்டாள்.

"குண்டூசின்னா யாருங்க?"

இவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கதவைச் சாத்திய பிறகு மட்டும் அவன் இவளைக் கூப்பிடும் பெயர் அது. மாமியாருக்குக்கூடத் தெரியாது. அதையுமா இன்னொருத்தியிடம் சொல்லிச் சிரித்தான்?

"நான்தான். எப்போ சொன்னார் உங்ககிட்ட?"

"சொல்லலைங்க. தட்டினார்."

தேடப்போன கப்பலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் கேட்கும் சத்தத்தைக் குறித்துவைப்பது கண்ணாடிக்காரியின் வேலையாம். அடியில் சில பேர் உயிரோடு இருந்தார்கள். தந்தி அடிப்பதுபோல் இரும்பில் தட்டித் தட்டி எழுத்தெழுத்தாகப் பேசினார்கள். ஒருவன் அம்மாவுக்கு, ஒருவன் பிள்ளைக்கு. இவன் தன் பெயரைத் தட்டிவிட்டு அந்த ஒரு சொல்லைத் தட்டினான். ஆள் பெயரா, பொருளா, அவளுக்குப் புரியவே இல்லை. மேலே கடல் கொந்தளித்தது. யாராலும் இறங்க முடியவில்லை. கரைக்கு வந்ததும், வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

"எவ்வளவு நேரம் தட்டினார்?"

"மூணு நாள்."

ஏழு வருஷத்துக்கு முன்னால் சேதி சொல்ல வீட்டுக்கு வந்த அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது வேறு. ஒரே வெடிப்பு, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது, யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மாமியார் உயிரை வைத்திருக்கிறார்.

இவள் கண்ணாடிக்காரியின் கையைப் பிடித்தாள். விட மனம் வரவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். மாமியார் எழுந்து வந்துவிட்டார். கண்ணாடிக்காரியை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா இவ? வருஷா வருஷம் நானும் பாக்குறேன், என் பிள்ளை பேருல கைய வச்சிட்டு நிக்கிறா."

கண்ணாடிக்காரி வாயைத் திறந்தாள். இவள் முந்திக்கொண்டாள்.

"உங்க பிள்ளைக்கு வேண்டியவங்க, அத்தை. கல்யாணத்துக்கு முன்னாடியே பழக்கமாம்."

கண்ணாடிக்காரி இவளைப் பார்த்தாள். பிறகு, ஒன்றும் மறுக்காமல், தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பாதி வழி வரைக்கும் மாமியார் மகனைத் திட்டித் தீர்த்தார். அப்புறம் இவள் தோளில் சாய்ந்து, அப்படியே தூங்கிப்போனார்.