மடத்துக் கதவுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்திருந்த அண்ணன் யேசுதாசனை, றெஜினாவும் கணவர் அந்தோனிப்பிள்ளையும் ஒரு பழைய பெனடிக்டின் துறவிமடத்தின் இடிபாடுகளைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். கூரையில்லாத கோயிலுக்குள் புல் வளர்ந்திருந்தது. ஏறக்குறைய ஐந்நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்து அரசன் மடங்களை மூடித் துறவிகளைத் துரத்தியதும், அயலூர்ச் சனங்களே கதவுகளையும் கற்களையும் கொண்டுபோய்த் தங்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். அந்தோனிப்பிள்ளை அதைத் தமிழில் சொன்னார்.

"செபம் சொன்ன இடத்தை என்னெண்டு மனசு வந்து பிடுங்கிச்சினமோ," என்றார் யேசுதாசன்.

றெஜினா இத்தனை வருடங்களாகக் கேட்காததைக் கேட்டாள்.

"சண்டைக்குள்ள நாங்கள் விட்டிட்டு ஓடின வீட்டின்ர முன்கதவு உங்கட வீட்டில நிக்குதே, அண்ணை. அதை ஆர் கழட்டினது?"

அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். "நான் எடுக்காட்டில் வேற ஆரும் எடுத்திருப்பினம். நீங்கள் திரும்பி வருவியள் எண்டு ஆர் கண்டது?"

"வந்தனாங்கள். அந்தக் கதவைத் தட்டித்தான் உங்கட வீட்டுக்குள்ள வந்தனாங்கள்."

பெரியவர் என்ன சொல்கிறார் என்று வழிகாட்டிப் பெண் ஆவலோடு கேட்டாள்.

இடம் மிகவும் அழகாக இருக்கிறதாம் என்று அந்தோனிப்பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னார்.