முதலாளி ஓகே செய்த சாம்பிள்

“முப்பத்தாறையும் ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிப் போடோணுங்க. ஒன்னுகூட மிஞ்சக் கூடாது” என்றார் முதலாளி செந்தில்வேல், பல்லைக் குத்திக்கொண்டே.

சொன்னது கம்ப்யூட்டர்களை. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் அவருடைய பனியன் கம்பெனி ஆபீசில், அவருடையதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பழைய விண்டோஸ். புதுசு போட்டால்தான் ஆர்டர் என்று வெளிநாட்டு பையர் கறாராக மெயில் அனுப்பிவிட்டார்.

சிஸ்டம் பார்க்கும் முனீஸ் தலையாட்டினான். விளாத்திகுளத்திலிருந்து வந்த அந்தத் தலை ஒன்பது வருஷமாக இங்கே ஆடிக்கொண்டிருக்கிறது.

“ஒரு பொட்டியில எல்லாத்தையும் ஏத்தி, அதை அப்படியே பிரதி எடுத்து, ஒயர் வழியா மத்ததுல ஒரே நேரத்துல எறக்கிரலாம் மொதலாளி. ஒரு பட்டன் தட்டுனாப் போதும். பக்கத்துல ஆளே வேண்டாம்.”

“ஆளே வேண்டாங்களா?” செந்தில்வேல் நாற்காலியில் நிமிர்ந்தார். “அப்பறம் உங்களுக்கு என்னங்க வேலை?”

சிரித்தார். முனீசும் சிரித்து வைத்தான். கொங்கு நாட்டில் ஆளை வேலையைவிட்டு நிறுத்தும்போதும் ‘ங்க’ போட்டுத்தான் நிறுத்துவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். மூத்த மகளை இந்த ஜூனில்தான் காலேஜில் சேர்த்திருந்தான்.

சனிக்கிழமை ஒரு கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் தயார் செய்து காட்டினான். முதலாளி முகத்தைச் சுளித்தார்.

“இதென்ன, மொட்டையா இருக்குது? பையருக்கு இப்படியா சாம்பிள் காட்டறோம்? எம்பொட்டியப் பாருங்க. புது விண்டோசு. ஒரு நாள் மக்கர் பண்ணிருக்குதா? இதான் சாம்பிள், நான் ஓகே பண்ணிட்டேன். மத்த பல்க் முப்பத்தாறும் அப்படியே வரோணும்.”

அது மக்கர் பண்ணாததற்குக் காரணம், அதில் அவர் காங்கேயம் காளை வீடியோ பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. கடிதம் என்றால் நடந்துகொண்டே சொல்வார். ஆர்டர் வேலைகளைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அனுப்பிரியா அதில் டைப் அடிப்பாள். அன்றும் அடிக்கத்தான் உட்கார்ந்திருந்தாள்.

“உங்க படம், கடுதாசி எல்லாம் சேந்தே போவும் மொதலாளி” என்று முனீஸ் எச்சரித்தான்.

“போவட்டுமுங்க. எங்கிட்ட ஒளிக்க என்ன கெடக்குது?”

“டெஸ்க்டாப்புல இருக்கறதுமுங்களாண்ணா?” என்று கேட்டாள் அனுப்பிரியா.

“எல்லாந்தான் தாயி.”

ஞாயிறு காலை முனீஸ் பட்டனைத் தட்டினான். மத்தியானத்துக்குள் முப்பத்தாறும் தானே அழிந்து, தானே எழுந்தன. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுகிறவனுக்கு ஓவர்டைம் கிடையாது. பொட்டலச் சோற்றைத் தின்றுகொண்டு அவன் வேடிக்கை பார்த்தான்.

திங்கள் காலை முப்பத்தாறு திரைகளிலும் முதலாளி ஒரு காளையோடு நின்றார். காளைதான் கொஞ்சம் யோசிப்பது மாதிரி தெரிந்தது. ஆபீஸே சிரித்தது.

சிரிப்பு ஐந்து நிமிஷம்தான். காளையின் நெற்றிக்கு நேரே ஒரு ஃபைல் இருந்தது: ‘தீபாவளிக்குப் பிறகு நிறுத்த வேண்டியவர்கள்’. பன்னிரண்டு பெயர்கள். முதல் பெயர் முனீஸ்.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் பேக்கிங் செக்‌ஷன் நாகஜோதி அலறினாள்: “ஏ, எம்பேரு ஏழாவதுல கெடக்குல்லா!”

அக்கவுண்ட்ஸ் செங்கோட்டையன் முதலாளிக்கு மாமன் முறை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி படித்தார். பிறகு கேபின் கதவைக் காலால் திறந்தார். பின்னாலேயே மொத்த ஆபீசும் நுழைந்தது.

“ஏன் மாப்ள, உன்ற கண்ணாலத்துக்குச் சீர்த்தட்டு சொமந்தவன் நானு. எனக்கே சீட்டுக் கிழிக்கறயா?”

செந்தில்வேல் திரையைப் பார்த்தார். வியர்த்தது. “இல்லீங்க மாமா... நான் சொன்னது ஒரே ஒரு...” என்று ஆரம்பித்தவர், சுற்றி நின்ற முகங்களைப் பார்த்து மிச்சத்தை விழுங்கினார்.

“என்னது ஒரே ஒரு?”

“ஒன்னுமில்லீங்க. இதுல இருக்கற ஒருத்தரையும் நிறுத்த மாட்டேன். அவிநாசியப்பன் மேல சத்தியமுங்க.”

“சாமிய விடு. பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடு.”

போட்டார். பன்னிரண்டு பெயரையும் வரிசையாக டைப் அடித்துக் கொடுத்த அனுப்பிரியாவே அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் நாலு மூலையிலும் பின் குத்தி மாட்டினாள்.

சாயங்காலம் முனீசுக்கு ஆள் ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். நாலாவது டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அனுப்பிரியாவின் மேஜைக்கு வந்தான்.

“பன்னெண்டு குடும்பம் தாயி! மொதலாளிக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ. சொந்த மாமனைக்கூட விடலையே மனுசன்.”

அனுப்பிரியா புது விண்டோசில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“ஆனா ஒன்னு. எம்பேரு மட்டும் இருந்திருந்தா, ‘அடடா, பாவம்’னுட்டு ஆளாளுக்கு வேலையப் பாக்கப் போயிருப்பானுவ. இந்தப் பதினோரு பேரு கூட இருந்ததாலதான் நான் பொழச்சேன்.”

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அந்தப் பதினொன்னும் நான் சேத்துனதுங்கண்ணா.”