ஹால்வர்சன் தராத கடிதம்

"உனக்கு இன்னும் ஆறு மாசம் பக்குவம் வேணும், மாரென்."

டுலூத் நகரத்தில் ஐம்பது பேர் ஏறும் சின்ன விமானங்களை ஓட்டும் கம்பெனி அது. தலைமை விமானி ஹால்வர்சன் காப்பிக் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

மாரென் லுண்ட் அங்கே ஏழு வருடமாக விமானி. இதே 'ஆறு மாசம்' என்ற பதிலை மூன்றாவது முறையாகக் கேட்கிறாள். அவர் சிபாரிசுக் கடிதம் தராமல் பெரிய கம்பெனியில் வேலை கிடைக்காது.

"ட்ராய்க்கு மட்டும் போன வாரம் குடுத்தீங்களே சார்?"

"அவன் தயார்."

சக விமானி ட்ராய் தரையிறக்கினால் பயணிகளுக்குப் பல் ஆடும். போன மாதம் அவன் இறக்கிய வேகத்தில் சக்கரத்தையே கழற்றிச் சோதிக்க வேண்டியதாயிற்று. மாரென் இறக்கினால் தூங்குகிற குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும்.

ஓய்வறையில் ட்ராய் அவளுக்கு ஆறுதல் சொன்னான். "மனசத் தளர விடாத. யாரு எப்படி ஓட்டுறாங்கன்னு நம்ம பெரியவருக்கு நல்லாத் தெரியும்."

"தெரியும்தான்" என்றாள் மாரென்.

கடிதம் இல்லாமலே மினியாபொலிஸில் ஒரு பெரிய கம்பெனியின் நேர்முகத் தேர்வுக்குப் போனாள். காலையில் சிமுலேட்டர் என்ற போலி விமானத்தில் சோதனை. மேலே ஏறும்போதே ஒரு இன்ஜினை அணைத்துவிட்டார்கள். பதறாமல் இறக்கிக் காட்டினாள்.

மதியம், தேர்வுக் குழுத் தலைவர் கேப்டன் வெய்லாண்ட் அவளுடைய கோப்பைப் புரட்டினார்.

"காலையில நல்லாப் பண்ணீங்க. ஆனா ஒரு நாள் யாரு வேணும்னாலும் நல்லா ஓட்டலாம். தினமும் எப்படின்னு உங்க தலைமை விமானிதான் சொல்லணும். கடிதம் எங்கே?"

"அவர் தரலை."

"ஏன்?"

ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். "எனக்கு இன்னும் பக்குவம் வரலைன்னாரு."

வெய்லாண்ட் மேஜை இழுப்பறையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்துப் பரப்பினார். மூன்றும் ஹால்வர்சன் எழுதியவை. மூன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: 'இவர் ஓட்டும் விமானத்தில் என் குடும்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவேன்.'

"இதை நம்பி மூணு பேரையும் எடுத்தோம். மூணு பேருக்கும் இப்ப முதல்லேர்ந்து பயிற்சி நடக்குது. நாலாவதா ட்ராய்னு ஒருத்தருக்கும் வந்திருக்கு."

இனி அவ்வளவுதான் என்று மாரென் நினைத்தாள். டுலூத்திலிருந்து இனி யாரையும் எடுக்கமாட்டார்கள்.

"ஹால்வர்சனோட மனைவி விமானத்துல எங்கேயாவது போவாங்களா?" என்று கேட்டார் வெய்லாண்ட்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "மாசம் ஒரு தடவை, சிகாகோவுல மக வீட்டுக்கு."

"யாரு ஓட்டுற விமானத்துல?"

மாரென் யோசித்தாள். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், மடியில் பேரனுக்கான குக்கீஸ் டப்பா. இறங்கும்போது தவறாமல் 'வரேன் கண்ணு.'

"நான் ஓட்டுறதுலதான். எனக்கு லீவுன்னா ஹால்வர்சன் சார் அவங்க டிக்கெட்டையே வேற தேதிக்கு மாத்திடுவாரு."

வெய்லாண்ட் மூன்று கடிதங்களையும் இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"எப்ப வந்து சேர்றீங்க?" என்று கேட்டபடியே அவள் கோப்பில் எழுதினார்: 'ஹால்வர்சன் சிபாரிசு - உண்டு.'