தங்க மூடி டப்பா

க்ரீம் டப்பாவை ஒளித்துவைத்தது மதினிதான் என்பதில் செல்விக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

வேறு யார் எடுக்கப்போகிறார்கள்? அம்மா பேராச்சிக்கு மஞ்சளை விட்டால் ஒன்றும் தெரியாது. அண்ணன் இசக்கிதுரைக்குக் குளிக்கிற சோப்புக்கும் துவைக்கிற சோப்புக்குமே வித்தியாசம் கிடையாது.

"மதினி, அந்தத் தங்க மூடி டப்பாவைக் குடுத்திருங்க. புதன்கிழமை மாப்பிள்ளை வீட்ல இருந்து வாராங்க."

இதற்கு முந்தி வந்த இரண்டு இடமும் நிறத்தைச் சொல்லித்தான் தட்டிப்போனது. இந்த இடமும் போய்விடுமோ என்று செல்விக்குப் பயம்.

மதினி சங்கரேஸ்வரி அவளுக்குத் தலை பின்னி முடித்தாள். இரண்டு ட்யூபை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

"பின்னாடி திருப்பிப் படி."

"நியாசினமைடு, கிளிசரின்…"

"நியாசினமைடு கரும்புள்ளிய மங்க வைக்கும். ஆனா பைய, மாசக்கணக்குல. கிளிசரின் ஈரத்தப் பிடிச்சு வைக்கும். அந்த இன்னொண்ணுல ஜிங்க் ஆக்சைடு இருக்கு. வெயிலு தோலத் தீய்க்காம மறிக்கும். சரி, உன் டப்பால என்ன போட்டிருக்கு?"

"ஏழே நாள்ல சிவப்பழகுன்னு போட்டிருக்கு."

"அது, என்ன செய்யும்ங்கிறது. உள்ள என்ன இருக்குன்னு போட்டிருக்கா?"

போடவில்லை. ஒரு வெள்ளைக்காரி படம், தங்க மூடி, அவ்வளவுதான். ஆலங்குளத்துத் தோழி ஒருத்தி பூசிப் பளபளத்ததைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது.

"உள்ள இருக்கிறத எழுதப் பயப்படுதவன் சரக்க மூஞ்சில பூசலாமா, சொல்லு."

உபதேசமெல்லாம் அடுத்தவளுக்குத்தான் என்று செல்வி மனதுக்குள் கறுவிக்கொண்டாள். மதினி விடியுமுன்பே எழுந்து, முழு மேக்கப்போடுதான் அறையை விட்டு வெளியே வருவாள். பெண் பார்க்கப் போன அன்றைக்கு மாநிறமாக இருந்தவள், மணமேடையில் ரோஜாப்பூ நிறத்தில் வந்து உட்கார்ந்ததும் செல்விக்கு நினைவிருக்கிறது. அந்த ரகசியத்தை மட்டும் நாத்தனாருக்குச் சொல்ல மனசு வரவில்லையாக்கும்!

ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் நன்றாக விழுகிறது என்று எல்லோரும் ஐந்தருவிக்குப் போனார்கள். பெண்கள் பக்கத்தில் வழக்கம்போல மதினி துணிப்பை, செல்போன், வளையல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். கல்யாணமான நாளாக இதே கதைதான். தென்காசியில் வாழ்க்கைப்பட்டு ஒருநாள்கூட அருவியில் தலையைக் கொடுத்ததில்லை. கேட்டால், தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்பாள்.

செல்விக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"குளிச்சா மேக்கப் கலைஞ்சிரும்னு பயம். அப்படித்தான மதினி?"

"ஆமா" என்றாள் சங்கரேஸ்வரி.

"நீங்க மட்டும் பூசிப் பூசி அழகா இருக்கணும். நான் இப்படியே கறுத்துப்போய் வாரவங்க முன்னால நிக்கணும். டப்பாவ ஒளிச்சு வச்சது பொறாமையில்லாம வேற என்ன?"

மதினியின் முகம் சுருங்கியது. பைகளைச் செல்வி கையில் கொடுத்தாள். நேரே போய், கொட்டுகிற தண்ணீருக்கு முகத்தைக் கொடுத்து நின்றாள்.

திரும்பி வந்தவள் துண்டால் கன்னங்களை அழுந்தத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

செல்விக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு கன்னத்திலும் சிவப்பு நரம்புகள் நூல் நூலாக ஓடின. தாடையோரம் திட்டுத் திட்டாகக் கறுத்துக் கிடந்தது.

"மதினி! என்ன இது?"

"நானும் பூசுனேன்ட்டி, நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல. அதுவும் உள்ள என்னன்னு போடாத டப்பாதான். பூசப் பூசப் பளிச்சுன்னு இருக்கும். விட்டா எரியும். எரிச்சலுக்குப் பயந்து திரும்பவும் பூசுவேன். ஸ்டீராய்டு கலந்திருக்கு, தோல் நைஞ்சுபோச்சுன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் முழிச்சேன். எது என்ன செய்யும்ங்கிற படிப்பெல்லாம் அந்த டாக்டர்ட்ட அலைஞ்சு படிச்சது. உங்க அண்ணனுக்கு மட்டுந்தான் தெரியும்."

சுற்றிலும் நின்ற பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மதினி முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை.

செல்வி பையும் கையுமாக அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"கூடப் பெறந்தவ இருந்தாக்கூட எனக்காக இப்படி வந்து நின்னிருக்க மாட்டா. நீங்க நல்லா இருக்கணும் மதினி. புதன்கிழமை நான் இந்த முகத்தோடயே நிக்கேன். பிடிச்சா கட்டட்டும், இல்லன்னா போகட்டும்."

"அழாத. கண்ணு வீங்கிரும். லோஷனும் சன்ஸ்கிரீனும் உன் அலமாரில வச்சிருக்கேன்."

"உங்களுக்கு என்ன கொறைச்சல்னு அந்தக் கண்றாவியப் பூசுனீங்க?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, போட்டோல இருந்த கலரு நேர்ல இல்லையேன்னு ஒரு பேச்சு வந்துச்சு. அடுப்படில நின்ன என் காதுல விழுந்துட்டு."

செல்விக்கு அழுகை போய் ஆத்திரம் வந்தது.

"எந்தச் சிறுக்கி சொன்னா? பேரச் சொல்லுங்க மதினி. நாக்கப் பிடுங்கிருதேன்!"

சங்கரேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈரக்கையால் செல்வியின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ள. விவரம் தெரியாமச் சொன்னது. நாக்கெல்லாம் பிடுங்க வேண்டாம்."

பெண் பார்க்கப் போன அந்தக் கூட்டத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று இருந்தது, ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த செல்வி ஒருத்திதான்.

அது தெரிந்தேதான் மதினி இத்தனை வருசமும் அவளுக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறாள்.