பெட்டி மூடும் முன்

பெட்டியை மூடும் முன் சங்கீதம் வாசிக்கும்படி போதகர் வேதாகமத்தை என் கையில் கொடுக்கிறார். நாற்பது வயதில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த என் மனைவிதான் பெட்டிக்குள் கிடக்கிறாள். ஜன்னல் வெயில் வேதாகமப் பக்கத்தின் மேல் விழுகிறது. சிமெண்டு அரித்த விரலை முதல் வரியில் வைக்கிறேன். எழுத்துகள் எறும்பாய்க் கலைகின்றன. அழுகைகூட வரவில்லை. “மச்சான், நீங்க எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். குடுங்க, நான் படிச்சிடறேன்” என்று காதோரம் சொல்கிறான் அவள் தம்பி. “உங்கக்காவுக்கு நான்தான்டா படிக்கணும். சும்மா இரு.” பாத்திரம் துலக்கும்போது இதே சங்கீதத்தை அவள் ராகம் போட்டுப் பாடுவாள். அந்த ராகத்தை முனகிப் பார்க்கிறேன். வார்த்தைகள் ஒவ்வொன்றாய் வந்து அதில் உட்காருகின்றன. புத்தகத்தை மூடிவிட்டுப் பாடுகிறேன். கடைசி வசனமும் வந்துவிடுகிறது. வீட்டில் நான் படித்து முடித்ததும் ஆமென் சொல்வது எப்போதும் அவள்தான். நான் வாய் திறக்காமல் நிற்கிறேன்.